நாய், பூனைகளில் வெல்லமில்லா நீரிழிவு

வெல்லமில்லா நீரிழிவு அல்லது டயாபடீஸ் இன்சிபிடஸ் என்பது, உடல் நீரைச் சேமிக்கத் தேவையான வாசோபிரெசின் என்னும் இயக்குநீர் போதிய அளவு சுரக்காததாலோ, சுரந்த இயக்குநீருக்குச் சிறுநீரகம் கட்டுப்படாததாலோ ஏற்படும் ஒரு நோய் ஆகும். இந்நோய் மனிதரைப் போன்றே நாய், பூனை ஆகிய வளர்ப்பு விலங்குகளுக்கும் உண்டாகின்றது. நோயுற்ற விலங்கு பெருமளவில் நிறமற்ற, நீர்த்த சிறுநீரைக் கழிக்கும். இழந்த நீரை ஈடுசெய்ய ஓயாமல் நீர் அருந்தும். பரவலாக அறியப்பட்ட சர்க்கரை நோயுடன் இதற்குப் பெயரளவிலும் வெளித்தோற்றத்திலும் மட்டுமே ஒற்றுமை உண்டு. இந்நோயில் இரத்தத்திலோ சிறுநீரிலோ சர்க்கரை மிகுவதில்லை. இன்சுலினுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

இது அரிதாகக் காணப்படும் நோய். எனினும் இதனைப் பற்றிய அறிவு இன்றியமையாதது. வீட்டினுள் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் நாயைக் கண்டவர், அது நிறைய நீர் குடிப்பதனால்தான் அவ்வாறு செய்கின்றது எனக் கருதி நீர்க் கிண்ணத்தை எடுத்துவிடுவது வழக்கம். இந்நோயில் காரண காரியம் தலைகீழானது. சிறுநீர் மிகுதியாக வெளியேறுவதால்தான் விலங்கு நீர் குடிக்கின்றது. நீரை நிறுத்தினாலும் சிறுநீர் நிற்பதில்லை. ஆகவே சில மணி நேரத்திலேயே உடல் வறண்டு உயிருக்கு ஆபத்து நேரலாம்.

பெயர்க் காரணம்

டயாபடீஸ் என்னும் கிரேக்கச் சொல் 'ஊடுருவிச் செல்லுதல்' என்னும் பொருள் தருவது. குடித்த நீர் உடலில் தங்காமல் வழிந்தோடுவதைக் குறிக்க இச்சொல் பண்டைய கிரேக்க மருத்துவரால் பயன்படுத்தப்பட்டது. இன்சிபிடஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சுவையற்றது என்று பொருள். 1674 இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ், நீரிழிவு நோயாளர் சிலரின் சிறுநீர் தேன் போன்று இனிப்பதாக எழுதினார். 1776 இல் மாத்யூ டாப்சன் அவ்வினிப்புக்குக் காரணம் சர்க்கரையே எனக் காட்டினார். 1794 இல் ஜெர்மானிய மருத்துவர் யோகான் பீட்டர் பிராங்க், சிறுநீர் மிகுந்தும் இனிப்பு இல்லாத வகையைத் தனி நோயாகப் பிரித்துரைத்தார்.

இந்திய மருத்துவ நூல்களும் சிறுநீர் மிகும் நோய்களைப் பல வகையாகப் பிரித்துள்ளன. சரக, சுசுருத சங்கிதைகள் கூறும் இருபது வகை மேக நோய்களுள் உதகமேகம் என்பது தெளிந்த நீர் போன்ற சிறுநீர் மிகுதியாக வெளியேறும் வகை. மதுமேகம் என்பது இனிப்புடைய வகை. இவ்விரண்டையும் இன்றைய நோய்ப் பெயர்களுடன் நேருக்கு நேர் பொருத்துதல் சரியன்று. ஆயினும் சிறுநீரின் இனிப்பை வைத்து நோயைப் பிரிக்கும் எண்ணம் பழமையானது என்பதை இவை காட்டுகின்றன.

2022 இல் பன்னாட்டு மருத்துவ அமைப்புகளின் குழு ஒன்று, மனித மருத்துவத்தில் இந்நோயின் பெயரை 'வாசோபிரெசின் குறைபாடு' எனவும் 'வாசோபிரெசின் எதிர்ப்பு' எனவும் மாற்றப் பரிந்துரைத்தது. நீரிழிவு என்ற சொல்லைக் கேட்ட மருத்துவப் பணியாளர் இதனைச் சர்க்கரை நோய் எனத் தவறாக எண்ணி, தேவையான மருந்தைக் கொடுக்காமல் விட்ட நிகழ்வுகளே இம்மாற்றத்திற்குக் காரணமாயின. கால்நடை மருத்துவத்தில் பழைய பெயரும் தொடர்ந்து வழங்குகின்றது.

உடல் நீரைக் காக்கும் முறை

சிறுநீரகங்கள் இரத்தத்தை ஓயாது வடிகட்டுகின்றன. 10 கிலோ எடையுள்ள நலமான நாயின் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 50 லிட்டர் நீர்மத்தை வடிக்கின்றன. இவ்வளவும் வெளியேறினால் உயிர் தங்காது. வடிக்கப்பட்ட நீரின் பெரும் பகுதியைச் சிறுநீரகத்தின் நுண்குழல்கள் தாமாகவே மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. எஞ்சிய சிறு பகுதியை எவ்வளவு மீட்பது என்பதை வாசோபிரெசின் முடிவு செய்கின்றது.

வாசோபிரெசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறு மூலக்கூறு. இது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதியில் உருவாகி, நரம்பிழைகள் வழியே இறங்கி, பிட்யூட்டரிச் சுரப்பியின் பின்பகுதியில் சேமிக்கப்படுகின்றது. உடலில் நீர் குறைந்து இரத்தம் செறிவடையும்போது ஹைப்போதலாமஸ் அதனை உணர்ந்து இரண்டு வேலைகளைச் செய்கின்றது: தாகத்தைத் தூண்டுகின்றது; வாசோபிரெசினை இரத்தத்தில் விடுவிக்கின்றது.

இரத்தத்தில் செல்லும் வாசோபிரெசின், சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளங்களில் உள்ள ஏற்பிகளில் சென்று பொருந்துகின்றது. உடனே அந்த உயிரணுக்களின் சுவரில் அக்குவாபோரின் எனப்படும் நீர்வழிகள் திறக்கின்றன. அவற்றின் வழியே நீர் மீண்டும் உடலுக்குள் செல்ல, சிறுநீர் செறிவடைகின்றது. இந்நீர்வழிகளைக் கண்டறிந்தமைக்காகப் பீட்டர் ஏகர் 2003 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

இத்தொடரில் வாசோபிரெசின் உருவாகாமல் போனாலும், உருவான வாசோபிரெசினை ஏற்பி ஏற்காமல் போனாலும், நீர்வழி திறவாமல் போனாலும் விளைவு ஒன்றே. நீர் மீட்கப்படாமல் சிறுநீராக வெளியேறிவிடும்.

வகைகளும் காரணங்களும்

மையவகை

வாசோபிரெசின் போதிய அளவு உருவாகாமலோ விடுவிக்கப்படாமலோ இருப்பது மையவகை ஆகும். முற்றிலும் இல்லாத நிலையும் ஓரளவு குறைந்த நிலையும் உண்டு. தலையில் அடிபடுதல், பிட்யூட்டரி அல்லது அதனை ஒட்டிய பகுதியில் கட்டி, நீர்க்கட்டி, மூளை அழற்சி, பிறவிக் குறைபாடு ஆகியவை இதன் காரணங்கள். வாகனம் மோதியோ உயரத்திலிருந்து விழுந்தோ தலையில் அடிபட்ட விலங்கிடம் தோன்றும் நோய் சில வேளைகளில் தற்காலிகமானதாக இருந்து, வாரங்களில் தானே குறைவதும் உண்டு. பல விலங்குகளில் காரணம் எதுவும் கண்டறியப்படுவதில்லை.

சிறுநீரகவகை

வாசோபிரெசின் இருந்தும் சிறுநீரகம் அதற்குக் கட்டுப்படாத நிலை சிறுநீரகவகை ஆகும். இது பிறவியிலேயே அமைவது மிக அரிது. ஹஸ்கி இன நாய்க் குடும்பம் ஒன்றில் வாசோபிரெசினைப் பற்றும் ஏற்பியின் திறன் பரம்பரையாகக் குறைந்திருந்தது 1992 இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டது.

மற்றொரு நோயின் விளைவாகச் சிறுநீரகம் வாசோபிரெசினுக்குக் கட்டுப்படாமல் போவதே மிகப் பெரும்பான்மை. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களின் கருப்பையில் சீழ் கட்டுதல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அங்குள்ள பாக்டீரியாக்களின் நச்சு, வாசோபிரெசினின் வேலையைத் தடுக்கின்றது. சிறுநீரகத் தொற்று, கல்லீரல் நோய், இரத்தத்தில் கால்சியம் மிகுதல், பொட்டாசியம் குறைதல், அண்ணீரகச் சுரப்பி நோய்கள் முதலியனவும் இவ்வாறு செய்ய வல்லவை. இவற்றில் மூல நோயைத் தீர்த்தால் சிறுநீரகம் பெரும்பாலும் தன் இயல்புக்குத் திரும்பும்.

நாய்களிலும் பூனைகளிலும் குறிப்பிட்ட ஓர் இனத்தையோ பாலினத்தையோ மையவகை தேர்ந்து தாக்குவதாகத் தெரியவில்லை. குட்டி முதல் முதிய விலங்கு வரை எவ்வயதிலும் தோன்றலாம். ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை போன்ற தமிழக நாய் இனங்களுக்கும், கலப்பின நாய்களுக்கும், அயலின நாய்களுக்கும் இது பொருந்தும்.

அறிகுறிகள்

- சிறுநீர் மிகுதல். சிறுநீர் ஏறத்தாழ நிறமும் மணமும் அற்றிருக்கும்.
- தாகம் மிகுதல். கிண்ணம் காலியானதும் குளியலறை வாளி, பூந்தொட்டித் தட்டு, தேங்கிய நீர் என எங்கும் நீரைத் தேடும்.
- பழக்கப்பட்ட நாய் இரவில் வீட்டினுள் சிறுநீர் கழித்தல். வெளியே விடும்படி அடிக்கடி கேட்டல்.
- பூனையின் மணல் தட்டு வழக்கத்தை விட விரைவில் நனைதல்.
- நீர் தேடுவதிலேயே கவனம் சென்று உணவைப் புறக்கணித்தல். அதனால் எடை குறைதல்.
- மூளையில் கட்டி இருப்பின் தடுமாற்றம், பார்வைக் குறைவு, வலிப்பு, நடத்தை மாற்றம்.

நீர் தாராளமாகக் கிடைக்கும் வரை விலங்கு மற்றபடி நலமாகவே தோன்றும். ஆகவே இது நோய் என உணரப்படாமல், கெட்ட பழக்கம் எனக் கருதப்பட்டு, விலங்கு அடிபடுவதும் கட்டிப்போடப்படுவதும் தெருவில் விடப்படுவதும் உண்டு.

நீர் அளவைக் கணித்தல்

நலமான நாய் ஒரு நாளில் தன் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 50 முதல் 60 மில்லி லிட்டர் வரை நீர் அருந்தும். கிலோவுக்கு 100 மில்லி லிட்டரைத் தாண்டினால் அது மிகையான தாகம் எனக் கொள்ளப்படும். அதாவது 10 கிலோ நாய் நாளொன்றுக்கு 1 லிட்டருக்கு மேல் குடிப்பது ஆராயத்தக்கது. பூனை இயல்பாகவே குறைவாக நீர் அருந்தும் விலங்கு. ஆதலால் கிலோவுக்கு 50 மில்லி லிட்டரைத் தாண்டுவதே ஐயத்திற்குரியது. 4 கிலோ பூனைக்கு இது 200 மில்லி லிட்டர், அதாவது ஒரு குவளை நீர். வெல்லமில்லா நீரிழிவு முற்றிய நாய்கள் இவ்வெல்லைகளைப் பல மடங்கு தாண்டுவதுண்டு.

வீட்டிலேயே இதனை அளக்கலாம். அளவுக் குவளையால் அளந்து நீரை ஊற்றி, 24 மணி நேரம் கழித்து எஞ்சியதை அளந்து கழிக்க வேண்டும். இவ்வாறு மூன்று நாட்கள் அளந்து சராசரி காண்பது நன்று. புதுச்சேரி போன்ற வெப்பமான கடலோர ஊர்களில் கோடையில் நீர் ஆவியாவதும் கணக்கில் சேரும். அதே அளவுள்ள மற்றொரு கிண்ணத்தில் நீரூற்றி விலங்குக்கு எட்டாத இடத்தில் வைத்து, அதில் குறைந்த அளவைக் கழித்துக்கொள்ளலாம். பால், மோர், ஈர உணவு ஆகியவற்றில் உள்ள நீரும் சேர்க்கப்பட வேண்டும். வெயில் நாட்களிலும் ஓடியாடிய பின்னும் தாகம் மிகுவது இயல்பு. குட்டி ஈன்று பாலூட்டும் தாய் விலங்கும் மிகுதியாக நீர் அருந்தும்.

நோயறிதல்

பிற நோய்களை ஒவ்வொன்றாக விலக்கிய பின்னரே வெல்லமில்லா நீரிழிவு உறுதி செய்யப்படுகின்றது. தாகமும் சிறுநீரும் மிகுவதற்கு இதனைக் காட்டிலும் பன்மடங்கு பொதுவான காரணங்கள் இருப்பதே இதற்குக் காரணம். சர்க்கரை நோய், நாட்பட்ட சிறுநீரக நோய், கருப்பைச் சீழ், எலிக்காய்ச்சல், கார்ட்டிசோல் மிகும் குஷிங் நோய், முதிய பூனைகளில் தைராய்டு மிகைச் சுரப்பு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. தோல் அரிப்புக்குக் கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளும், நீர் பிரிக்கும் மருந்துகளும் இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். ஆகவே கொடுக்கப்பட்டு வரும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துதல் ஆபத்தானது.

சிறுநீர்ச் சோதனை

முதலில் செய்யத்தக்கதும் செலவு குறைந்ததும் சிறுநீர்ச் சோதனையே. சோதனைத் தாளில் சர்க்கரை தென்பட்டால் சர்க்கரை நோயின் பக்கம் கவனம் திரும்பும். அடுத்து ஒளிவிலகல்மானியால் சிறுநீரின் ஒப்படர்த்தி அளக்கப்படும். தூய நீரின் ஒப்படர்த்தி 1.000 ஆகும். நலமான நாய் நீர் குறையும்போது 1.030 க்கு மேலும், பூனை 1.035 க்கு மேலும் சிறுநீரைச் செறிவாக்க வல்லவை. சிறுநீரகம் பழுதடைந்த விலங்கின் சிறுநீர் பெரும்பாலும் 1.008 முதல் 1.012 வரை நிற்கும். வெல்லமில்லா நீரிழிவு முற்றிலும் உள்ள விலங்கிடம் இது 1.001 முதல் 1.007 வரை, அதாவது ஏறத்தாழ நீராகவே இருக்கும். ஓரளவு குறைபாடு உள்ள விலங்கிடம் இதனினும் சற்று உயர்ந்திருக்கலாம். ஒரு நாயின் காலைச் சிறுநீர் ஒரு முறையேனும் 1.030 ஐத் தாண்டினால், முற்றிய வெல்லமில்லா நீரிழிவு இல்லை எனக் கொள்ளலாம்.

இரத்தச் சோதனையும் பட எடுப்பும்

இரத்தத்தில் சர்க்கரை, யூரியா, கிரியேட்டினின், கால்சியம், சோடியம், பொட்டாசியம், கல்லீரல் நொதிகள் ஆகியன பார்க்கப்படும். கருப்பை, அண்ணீரகம், சிறுநீரகம் ஆகியவற்றை அறிய மீயொலிச் சோதனை உதவும். முதிய விலங்கில் மையவகை உறுதியானால், கட்டி உள்ளதா என அறியச் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. படம் பரிந்துரைக்கப்படும்.

நீர் நிறுத்தச் சோதனை

நீரை நிறுத்தி, சிறுநீர் செறிவடைகின்றதா எனக் காணும் சோதனை பழைய நூல்களில் முதன்மை பெற்றிருந்தது. நலமான விலங்கில் சிறுநீர் செறிவடையும், நோயுற்றதில் செறிவடையாது. உடல் எடை 3 முதல் 5 விழுக்காடு குறைந்ததும் சோதனை நிறுத்தப்பட்டு, செயற்கை வாசோபிரெசின் கொடுத்து மீண்டும் சிறுநீர் அளக்கப்படும். அப்போது சிறுநீர் செறிவடைந்தால் மையவகை எனவும், செறிவடையாவிடில் சிறுநீரகவகை எனவும் முடிவு செய்யப்படும்.

முற்றிய நோயுள்ள விலங்கு இந்த எடைக் குறைவைச் சில மணி நேரத்திலேயே அடைந்துவிடும். ஆகவே இது மருத்துவமனையில், இடைவிடாத கண்காணிப்பில், சிறுநீரக நோய் இல்லையென உறுதி செய்த பின்னரே செய்யத்தக்கது. ஏற்கெனவே நீர் வறட்சி உள்ள விலங்குக்கு இதனைச் செய்தல் கூடாது. இச்சோதனையை வீட்டில் செய்து பார்த்தல் எக்காரணத்தாலும் கூடாது. நெடுநாள் சிறுநீர் மிகுந்திருந்தால் சிறுநீரகத்தின் உட்பகுதியில் உள்ள உப்புச் செறிவு கரைந்துபோவதால், சோதனையின் முடிவும் சில வேளைகளில் தெளிவாக அமைவதில்லை.

மருந்துச் சோதனை

இக்காரணங்களால் இன்று பல மருத்துவர்கள் டெஸ்மோபிரெசின் மருந்துச் சோதனையையே விரும்புகின்றனர். பிற நோய்கள் விலக்கப்பட்ட பின், இரண்டு அல்லது மூன்று நாட்கள் விலங்கின் வழக்கமான நீர் அளவு குறித்துக்கொள்ளப்படும். பின்னர் ஏறத்தாழ ஒரு வாரம் மருந்து கொடுக்கப்படும். நீர் அருந்தும் அளவு பாதிக்கு மேல் குறைந்து, சிறுநீரின் செறிவு தெளிவாக உயர்ந்தால் மையவகை எனக் கொள்ளலாம். சிறுநீரகவகையில் மாற்றம் இராது அல்லது மிகச் சிறிதாக இருக்கும். நோய் எதுவுமின்றிப் பழக்கத்தால் மிகுதியாக நீர் குடிக்கும் நாய்களும் உள்ளன. அவை மருந்து பெற்ற பின்னும் வழக்கம்போல் குடிக்குமாயின் உடலில் நீர் தேங்கும். எனவே இச்சோதனைக்கும் மருத்துவரின் மேற்பார்வை தேவை.

சிகிச்சை

நீர்

இந்நோயின் முதல் மருந்து நீரே ஆகும். மருந்து கொடுக்கப்பட்டாலும் கொடுக்கப்படாவிட்டாலும் நல்ல நீர் இரவும் பகலும் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். நீர் எப்போதும் கிடைக்கவும், தடையின்றிச் சிறுநீர் கழிக்க இடமிருக்கவும் உறுதி செய்ய முடியுமாயின், மருந்து இல்லாமலும் பல விலங்குகள் வாழ இயலும். மருந்தின் விலை தாங்க இயலாத குடும்பங்களுக்கு இது மருத்துவ முறையில் ஏற்கப்பட்ட வழியாகும்.

மையவகைக்கு டெஸ்மோபிரெசின்

1913 இல் பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு இந்நோயில் சிறுநீரைக் குறைப்பது கண்டறியப்பட்டது. வாசோபிரெசினின் அமைப்பை அறிந்து அதனை ஆய்வகத்தில் உருவாக்கியவர் வின்சென்ட் டு வின்யோ. இயக்குநீர்கள் மீதான தம் பணிகளுக்காக 1955 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அதன் மூலக்கூறைச் சிறிது மாற்றி 1960களில் உருவாக்கப்பட்டதே டெஸ்மோபிரெசின். இது இயற்கை வாசோபிரெசினைக் காட்டிலும் நெடுநேரம் வேலை செய்யும். இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்மை இதில் மிகக் குறைவு.

இம்மருந்து மனிதருக்காகத் தயாரிக்கப்படுவது. மூக்கில் விடும் நீர்மமாகவும் மாத்திரையாகவும் கிடைக்கின்றது. கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பொது மருந்தகங்களில் இதனைப் பெறலாம். விலங்கின் மூக்கில் மருந்து விடுவது எளிதன்று. ஆகவே மூக்கு நீர்மத்தை நாள்தோறும் ஒரு முறை அல்லது இரு முறை, கீழ் இமையின் உட்பக்கத்தில் சொட்டு சொட்டாக விடும் முறை கால்நடை மருத்துவத்தில் வழக்கத்தில் உள்ளது. இமையின் சவ்வு வழியாக மருந்து இரத்தத்தில் கலக்கும். கண்ணில் விட இசையாத விலங்குகளுக்கு மாத்திரை ஏற்றது. மாத்திரை குடலில் குறைவாகவே உறிஞ்சப்படுவதால் அதன் அளவு பன்மடங்கு கூடுதலாக இருக்கும். ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துதல் கூடாது.

ஒரு வேளை மருந்தின் பலன் விலங்குக்கு விலங்கு மாறுபட்டு, ஏறத்தாழ 8 முதல் 24 மணி நேரம் வரை நிற்கும். முந்தைய வேளையின் பலன் குறைந்து, தாகமும் சிறுநீரும் சற்றே மிகத் தொடங்கும்போது அடுத்த வேளையைக் கொடுத்தல் பாதுகாப்பானது. மருந்து மிகுந்தால் உடலில் நீர் தேங்கி இரத்தச் சோடியம் குறையும். சோர்வு, வாந்தி, தடுமாற்றம், வலிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். அவ்வாறு தோன்றின் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

மையவகை பெரும்பாலும் நிலையானது என்பதால் மருந்து வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். செலவைக் கருதி இரவுக்கு மட்டும் மருந்து கொடுத்து, பகலில் நீரை மட்டும் நம்பும் ஏற்பாட்டையும் மருத்துவருடன் கலந்து செய்துகொள்ளலாம்.

சிறுநீரகவகைக்கு

மூல நோய் இருப்பின் அதற்கே சிகிச்சை. கருப்பைச் சீழுக்கு அறுவை மருத்துவமும், தொற்றுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்தும் எடுத்துக்காட்டுகள். பிறவி நோய்க்கு ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற மருந்துகள் பயன்படுகின்றன. சிறுநீரைப் பெருக்கும் மருந்தே இங்குச் சிறுநீரைக் குறைப்பது முரணாகத் தோன்றலாம். இம்மருந்து உடலின் சோடியத்தைச் சற்றுக் குறைக்கின்றது. அதனை ஈடுசெய்ய, சிறுநீரகக் குழல்களின் தொடக்கப் பகுதி சோடியத்தையும் உடன் நீரையும் கூடுதலாக உறிஞ்சுகின்றது. வாசோபிரெசின் தேவைப்படும் கடைப்பகுதிக்கு வந்து சேரும் நீர் இவ்வாறு குறைகின்றது.

உணவு

உடலில் சேரும் உப்பை வெளியேற்ற நீர் தேவை. சிறுநீரைச் செறிவாக்க இயலாத விலங்கு, ஒவ்வொரு சிட்டிகை உப்புக்கும் கூடுதல் நீரை இழக்கின்றது. ஆகவே கருவாடு, ஊறுகாய், அப்பளம், உப்பிட்ட குழம்பு கலந்த சோறு, சிப்ஸ் முதலியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். கடலோர ஊர்களில் பூனைக்குக் கருவாட்டுத் தலையைப் போடுவது வழக்கம். இந்நோயுள்ள பூனைக்கு அது தீங்கானது. உப்பில்லாமல் வேக வைத்த மீனைக் கொடுக்கலாம்.

நீர் தடைபடும் வேளைகள்

நோயுற்ற விலங்குக்கு ஆபத்து நேர்வது பெரும்பாலும் அன்றாட ஒழுங்கு குலையும்போதே. அவ்வேளைகள் வருமாறு:

- குழாய்நீர் குறித்த நேரத்தில் மட்டும் வரும் பகுதிகளில் பாத்திரம் காலியாதல் அல்லது கவிழ்தல். இரண்டு மூன்று கனமான பாத்திரங்களை வெவ்வேறு இடங்களில் வைத்தல் நன்று.
- அக்னி நட்சத்திர நாட்களில் மாடியிலோ வாசலிலோ கட்டப்பட்டிருத்தல்.
- பயணம். வண்டியில் செல்லும்போது நீரையும் கிண்ணத்தையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.
- உறவினர் வீட்டிலோ காப்பகத்திலோ விட்டுச் செல்லுதல். இது சர்க்கரை நோய் அன்று என்பதும், நீரை நிறுத்தக் கூடாது என்பதும் எழுத்தில் தரப்பட வேண்டும்.
- கருத்தடை முதலிய அறுவைக்கு முன் உணவையும் நீரையும் நிறுத்துதல். நோயைப் பற்றி மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிவித்தால் நீர் கொடுப்பதற்கும் சிரை வழியே நீர்மம் ஏற்றுவதற்கும் தக்க ஏற்பாடு செய்வார்.
- வாந்தி, காய்ச்சல் முதலியவற்றால் விலங்கு நீர் குடிக்க இயலாமை.

நீர் கிடைக்காத விலங்கின் இரத்தத்தில் சோடியம் உயர்ந்து மூளை உயிரணுக்கள் சுருங்குகின்றன. மந்தம், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு என நிலை மோசமாகும். இது அவசர நிலை ஆகும். உயர்ந்த சோடியத்தை மிக விரைவாகக் குறைத்தாலும் மூளை வீங்கும். ஆதலால் நாட்பட உயர்ந்த சோடியம் மருத்துவமனையில் படிப்படியாகவே சரிசெய்யப்படும். நினைவற்ற விலங்கின் வாயில் நீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். அவ்வாறு செய்யாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் மருத்துவ வசதி

புதுச்சேரி ரெட்டியார்பாளையம் பகுதியை அடுத்துள்ள குருமாம்பேட்டில், 1994 இல் தொடங்கப்பட்ட ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி அமைந்துள்ளது. இது இன்று ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் என வழங்குகின்றது. மாணவர் பயிற்சிக்கென இதனுடன் இணைந்த கால்நடை மருத்துவமனையும் உண்டு. தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரியில் 1903 முதல் இயங்கி வரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இத்தகைய நிலையங்களுள் மூத்தது. அரிய இயக்குநீர் நோய்களில் பல சோதனைகளை அடுத்தடுத்துச் செய்ய வேண்டியிருப்பதால், கல்லூரி மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவது பொதுவான நடைமுறை.

எனினும் நோயைப் பற்றிய முதல் ஐயம் எழ வேண்டிய இடம் வீடே. மூன்று நாள் நீர்க் கணக்கு, காலையில் தூய கிண்ணத்தில் பிடித்த சிறுநீர், கொடுத்து வரும் மருந்துகளின் பட்டியல், கருத்தடை செய்யப்பட்டதா என்னும் விவரம், அண்மையில் தலையில் அடிபட்டதா என்னும் விவரம் ஆகிய ஐந்தையும் கொண்டு சென்றால் மருத்துவரின் வேலை பாதி எளிதாகும். பூனையின் சிறுநீரை மருத்துவர் ஊசி வழியே எடுத்துக்கொள்வார்.

நோய்ப்போக்கு

காரணம் அறியப்படாத மையவகையும் பிறவி மையவகையும் உள்ள விலங்குகள், நீரும் மருந்தும் தடையின்றிக் கிடைத்தால் பல ஆண்டுகள் நலமாக வாழ்கின்றன. தலையில் அடிபட்டதால் தோன்றிய நோய் மறையவும் கூடும் என்பதால், இடையிடையே மருத்துவரின் மேற்பார்வையில் மருந்தைக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். பிட்யூட்டரியில் கட்டி உள்ள விலங்குகளின் வாழ்நாள் கட்டியின் வளர்ச்சியைப் பொறுத்தது. நரம்பு அறிகுறிகள் பின்னரே தோன்றலாம். மற்றொரு நோயின் விளைவான சிறுநீரகவகை, அந்நோய் தீர்ந்தால் தீரும். பிறவிச் சிறுநீரகவகையில் மருந்தின் பலன் குறைவு. அவ்விலங்குகளின் வாழ்வு, வளர்ப்பவர் நீர்க் கிண்ணத்தை எப்போதும் நிறைவாக வைத்திருப்பதைப் பெரிதும் சார்ந்துள்ளது.